திரைக்கு முந்திய பார்வையாளர்: தீவகத்தில் பேசாப்படத்தின் தடம் தேடி

இலங்கைச் சினிமாவின் வரலாற்றை எடுத்து விரித்தால் முதற்பக்கத்தில் பெரும்பாலும் ஒரே சம்பவம்தான் வரும். 1901ஆம் ஆண்டு. ஆளுநர் வெஸ்ட் ரிட்ஜ்வேயும் இங்கு கொண்டுவரப்பட்டிருந்த போயர் யுத்தக் கைதிகளும் பார்ப்பதற்காக ஒரு படம் காட்டப்பட்டது. போயர் யுத்தத்தில் பிரித்தானியர் பெற்ற வெற்றி, விக்டோரியா மகாராணியின் நல்லடக்கம், ஏழாம் எட்வர்ட் மன்னரின் முடிசூட்டு விழா ஆகிய மூன்றும் அதில் இருந்தன. நூலுக்கு நூல், கட்டுரைக்குக் கட்டுரை, இந்தச் செய்தி கைமாறி வந்திருக்கிறது.

நான் தேடப் புறப்பட்டது இதை அல்ல. யாழ்ப்பாணத்தை அடுத்த தீவகத்தில், ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு ஆகிய கடல் சூழ்ந்த ஊர்களின் மனிதர் அசையும் படத்தை முதன்முதலில் எங்கே, எப்படிப் பார்த்தார்கள் என்பதே என் கேள்வி. ஆனால் ஒரு தீவின் கதையைத் தேட, பெருந்தீவின் கதை எங்கே தொடங்குகிறது என்று தெரிய வேண்டும். அதனால் அந்த முதற்பக்கத்தைத் தட்டிப் பார்த்தேன். அது அங்கேயே இடறியது.

விக்டோரியா அடக்கம் செய்யப்பட்டது 1901 பெப்ரவரியில். எட்வர்ட் முடிசூடியதோ 1902 ஓகஸ்ட் 9ஆம் திகதி. முதலில் ஜூன் 26 என்று நாள் குறித்து, மன்னருக்குச் சத்திரசிகிச்சை செய்ய நேர்ந்ததால் ஒத்திப்போட்டார்கள். போயர் யுத்தம் முடிந்ததும் 1902 மே மாத இறுதியில்தான். ஆகவே 1901இல் காட்டிய படத்தில் யுத்தத்தின் முடிவும் இருக்க முடியாது, முடிசூட்டும் இருக்க முடியாது. பிரான்சின் ஜோர்ஜ் மெலியே, இலண்டன் வார்விக் ட்ரேடிங் கொம்பனிக்காக அந்த முடிசூட்டை நடிகர்களை வைத்து முன்கூட்டியே படம்பிடித்தது உண்மை. அந்தப் போலிப் படமும் 1902க்கு உரியதுதான்.

வருடம் பிழை, அல்லது படத்தின் உள்ளடக்கம் பிழை, அல்லது இரண்டு தனித்தனிக் காட்சிகள் நினைவில் ஒன்றாகி விட்டன. மூன்றும் ஒரே காட்சியில் இருந்தன என்றே கொண்டால், அது 1902இன் கடைசி மாதங்களுக்கு முன்னர் நடந்திருக்க வழியில்லை. இலண்டனில் இருந்து கொழும்புக்குக் கப்பல் வர மூன்று வாரமாவது ஆகும். அப்போது தியத்தலாவை முகாமில் இருந்த கைதிகள் ஊர் திரும்பத் தொடங்கிவிட்டார்கள். ரிட்ஜ்வே 1903 வரை ஆளுநராக இருந்தார். இடைவெளி சிறியது, ஆனால் இருக்கிறது.

இரண்டாவது தட்டல், கொழும்பின் முதல் நிரந்தரக் கொட்டகையில். இந்தியாவின் மதன் கொம்பனி 1903இல் அதைக் கட்டியது என்று எழுதுகிறார்கள். ஜம்ஷெட்ஜி பிராம்ஜி மதன் கல்கத்தா மைதானத்தில் கூடாரம் அடித்துப் படம் காட்டத் தொடங்கியது 1902இல். தன் தொழிலின் தலைமையிடமான கல்கத்தாவிலேயே எல்பின்ஸ்டன் பிக்சர் பலஸ் என்ற நிரந்தரக் கொட்டகையை அவர் திறந்தது 1907இல். தலைவாசலில் கூடாரம் இருக்கும்போதே கடல்தாண்டிக் கல்மண்டபம் எழுப்பும் வியாபாரி அரிது. கொழும்பில் 1903இல் மதன் பெயரால் ஏதும் நின்றிருந்தால் அது கூடாரமாகவே இருந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, ஓர் ஆளின் பெயர். கொழும்பில் திறந்தவெளிகளில் பயாஸ்கோப் காட்டி மக்களைப் பழக்கியவர் வார்விக் மேஜர் என்னும் ஆங்கிலேயர் என்பது இலங்கை வரலாறு. அதே பெயர் பாக்கு நீரிணையின் மறுகரையிலும் வருகிறது. சென்னை மவுண்ட் ரோட்டில், இன்று தபால் நிலைய வளாகத்துக்குள் நிற்கும் எலெக்ட்ரிக் தியேட்டரை எழுப்பியவர் ‘மேஜர் வார்விக்’ என்றும், ஆண்டு 1900 என்றும் நெடுங்காலம் சொல்லப்பட்டது. பின்னர் நுணுகிப் பார்த்தவர்கள் வார்விக் மேஜர், ரெஜினல்ட் எயர் என்ற இருவரும் சேர்ந்து அதை 1913இல் திறந்தார்கள் என்று திருத்தினார்கள். குடும்பப் பெயர் இராணுவப் பதவியாகிவிட்டது. ஆண்டு பதின்மூன்று வருடம் முன்னே நகர்ந்துவிட்டது. கரை இரண்டிலும் ஒருவரே இயங்கினார் என்று கொண்டால் கதை ஒழுங்காகிறது. நூற்றாண்டின் தொடக்கத்தில் கொழும்பில் கூடாரத்தோடு அலைந்தவர், பத்து வருடம் கழித்துச் சென்னையில் கட்டடத்தோடு அமர்ந்தார்.

இந்த மூன்று இடறலும் எனக்கு ஒரு வழிமுறையைத் தந்தன. ‘முதல்’ என்று சொல்லப்படும் எந்த ஆண்டையும் ஏற்பதற்கு முன் மூன்று சல்லடையில் அரிக்க வேண்டும். அந்த வருடத்தில் அந்தக் கருவி இருந்ததா? அது அங்கே போய்ச் சேரப் பாதை இருந்ததா? அதை அனுமதித்த சட்டமோ தடுத்த சட்டமோ எந்தக் காகிதத்தை விட்டுச் சென்றது? தலைநகரத்தின் நினைவே இவ்வளவு தளும்புகிறது என்றால், தலைநகரத்தில் இருந்து ரயிலும் தோணியும் ஏறிப் போக வேண்டிய ஊர்களின் கதையை இந்தச் சல்லடைகள் இல்லாமல் தொடுவது வீண்.

பாதை

தீவகம் ஒதுங்கிய இடம் என்பது தரைவழியே பார்ப்பவரின் எண்ணம். ஒல்லாந்தர் இத்தீவுகளுக்குத் தங்கள் ஊர்களின் பெயரைச் சூட்டினார்கள். ஊர்காவற்றுறை அடங்கிய வேலணைத் தீவு லெய்டன், காரைதீவு (இன்றைய காரைநகர்) ஆம்ஸ்டர்டாம், புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு ரொட்டர்டாம். நெடுந்தீவுக்கு வைத்த டெல்ப்ட் மட்டும் ஆங்கிலத்தில் இன்றுவரை நிலைத்துவிட்டது. ஒரு கடல் வல்லரசு தன் ஊர்ப் பெயர்களை இங்கே இறக்கியதற்குக் காரணம் துறைமுகம். கடற்கோட்டை என்று ஊரார் சொல்லும் ஹம்மன்ஹீல் காவல் காக்க, ஊர்காவற்றுறையில் இருந்து யானைகள் கப்பலேறின. யானையை ஏற்றி இறக்கிய துறைக்கு ஒரு படப்பெட்டி பாரமாகாது.

யாழ்ப்பாணப் பட்டினத்துக்கோ தரைவழி மெல்லத்தான் திறந்தது. 1905 ஜனவரியில் இளம் சிவில் உத்தியோகத்தராக யாழ்ப்பாணம் வந்த லெனார்ட் வூல்ஃப், அநுராதபுரம் வரை ரயிலிலும் அதற்கு அப்பால் தபால் வண்டியிலும் வந்தார். அந்த வருடம் ஓகஸ்டில் கொழும்பு ரயில் நேரே யாழ்ப்பாணத்தை எட்டியது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் சேவை தொடங்க, சென்னையில் ஏற்றிய பெட்டி ரயிலும் கப்பலும் மாறிக் கொழும்பு வர முடிந்தது. ஆகவே ஊர்சுற்றிப் படம் காட்டுபவர் வடக்கே வர வசதி ஏற்பட்டது 1905க்குப் பின். இந்தியப் படச் சுருள்கள் இலங்கைக்குள் சீராகப் புழங்க வசதி ஏற்பட்டது 1914க்குப் பின். இந்த இரண்டு ஆண்டுகளும் என் தேடலின் வேலிக் கதியால்கள் ஆயின.

அக்காலத்துத் தமிழ்நாட்டில் ஊர்சுற்றிக் காட்சியின் முன்னோடி சாமிக்கண்ணு வின்சென்ட். ரயில்வேயில் வரைவாளராக வேலை பார்த்தவர், 1905இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் இருந்து படக்கருவியையும் இயேசுவின் வாழ்க்கை பற்றிய படம் உட்படச் சில சுருள்களையும் வாங்கினார். கூடாரம், கருவி, விளக்கு, ஆட்கள் என்று மூட்டை கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். பின்னர் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்ற கொட்டகையை எழுப்பினார். இப்படி ஒருவர் தீவகத்துக்கு வந்திருக்கலாமா என்று கேட்டால், பணம் வரும் கூட்டம் அங்கேயும் கூடியது என்பதை முதலில் சொல்ல வேண்டும். நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயில் திருவிழாவுக்கு அடியார்கள் எங்கிருந்தெல்லாமோ வந்தார்கள். ஆனால் அம்மன் கொடியேற்றம் ஆனி மாதத்தில். அப்போது வீசுவது சோழகம் என்னும் தென்மேல் பருவக்காற்று. பாய்மரத் தோணிக்காரர் ஆட்களை ஏற்றவே காற்றைப் பார்த்துப் பேசும் பருவம் அது.

தீ

அந்தத் தோணியில் எவை ஏற வேண்டியிருந்தன என்பது கருவியைப் பற்றிய சல்லடை. மின்சாரம் இல்லாத ஊரில் படம் காட்ட வேண்டுமானால் பெரும்பாலும் சுண்ணாம்பு வெளிச்சம் வேண்டும். ஒட்சிசனையும் எரியும் வாயுவையும் சேர்த்துப் பற்றவைத்து, அந்தச் சுவாலையைச் சுண்ணாம்புக் கட்டியில் பாய்ச்சினால் அது வெண்மையாக ஒளிரும். எரிவாயுவுக்குப் பதிலாக ஈதர் ஆவியையும் பயன்படுத்தினார்கள். ஈதர் எப்படிப்பட்டது என்பதைப் பாரிஸ் 1897 மே 4ஆம் திகதி கண்டது. ஒரு தரும விற்பனைக் கூடத்தில் படக்கருவியின் ஈதர் விளக்கில் கிளம்பிய தீயில் 126 பேர் மாண்டார்கள்.

சுருளும் இலேசுப்பட்டது அல்ல. அக்காலத்து 35 மில்லிமீற்றர் படச்சுருள் நைத்திரேற்றிய செலுலோசால் ஆனது. பற்றினால் தானே ஒட்சிசனைப் பிறப்பித்துக்கொண்டு எரியும். தண்ணீருக்குள் அமிழ்த்தினாலும் அணையாது. ஆயிரம் அடிச் சுருள் ஒன்று, கையால் சுழற்றும் வேகத்தில், ஏறத்தாழக் கால்மணி நேரம் ஓடும். ஒரு மாலைக் காட்சிக்கு இப்படிப் பல சுருள்கள். ஈதர்ப் போத்தலும் வாயு உருளையும் நைத்திரேற்றுச் சுருளும் ஒரே தோணியில், அடுப்பும் சுருட்டும் கூட வர, சோழகத்தில் நெடுந்தீவு நோக்கிப் போவதை நினைத்தால், ஊர்சுற்றிக் காட்சிக்காரர் ஏன் ரயில் பாதையை விட்டு அதிகம் விலகவில்லை என்பது விளங்கும். ரயில் நிலையத்துக்குப் பக்கத்து வெறுங்காணியில் கூடாரம் அடித்தால் மூன்று வாரம் தங்கலாம், நாளுக்கு இரண்டு காட்சி போடலாம். தீவில் பார்ப்பவர் எல்லாம் இரண்டு இரவிலேயே பார்த்து முடித்துவிடுவார்கள். காற்று மாறினால் ஆட்களும் கருவியும் அங்கேயே முடங்கும்.

காகிதம்

மூன்றாவது சல்லடை சட்டம். பிரித்தானியாவில் 1909இல் வந்த சினிமாட்டோகிராப் சட்டம் அடிப்படையில் தீக்குப் பயந்து பிறந்த சட்டம். இந்தியாவில் அதே பெயரில் 1918இல் ஒன்று வந்தது. இலங்கை இவ்விரண்டுக்கும் நடுவே, 1912இல், 7ஆம் இலக்கப் பொதுக் காட்சிகள் கட்டளைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. நாடகம், கூத்து, பயாஸ்கோப் எல்லாம் அதன் வலைக்குள் அடங்கின. இந்நாட்டுப் படத் தணிக்கையின் வேரும் அதில்தான் இருக்கிறது. ஆக, 1912க்குப் பின் தீவகத்தில் ஒருவர் பணம் வாங்கிப் படம் காட்டியிருந்தால், அந்தக் காரியம் விதானையார் காதில் விழாமல், உடையார், மணியகாரர் வழியே யாழ்ப்பாணக் கச்சேரியை எட்டாமல் நடப்பது கடினம். வடமாகாண நிர்வாகத்தின் படிவரிசை அப்படி. தீவுப்பகுதிக்குத் தனி மணியகாரர் இருந்தார்.

இதற்கு முந்திய காலத்துக்குப் பத்திரிகைகளே துணை. அமெரிக்க மிஷனின் உதயதாரகை 1841 முதல் வந்தது. கத்தோலிக்கப் பாதுகாவலன் 1876 முதல். சைவ பரிபாலன சபையின் இந்து சாதனம் 1889 முதல். ஈழகேசரியோ 1930இல்தான் தொடங்கியது. இவற்றில் முதல் மூன்றும் சமயப் பத்திரிகைகள். படம் என்ற கேளிக்கைக்கு அவை தலையங்கத்தில் இடம் தரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. விளம்பரப் பத்தியையும் ஊர்ச் செய்தித் துணுக்கையும் தான் துருவ வேண்டும். அப்படித் துருவ வேண்டிய கட்டுகளில் பெரும்பகுதி யாழ்ப்பாணப் பொதுநூலகத்தோடு 1981 ஜூன் முதலாம் திகதி இரவில் சாம்பலானது. அன்று எரிந்தவை ஏறத்தாழ 97,000 நூல்கள். தப்பியவற்றைக் கொழும்பு தேசிய சுவடிகள் திணைக்களத்திலும், 2005 முதல் தன்னார்வலர்கள் மின்பிரதி எடுத்துச் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்தின் தளத்திலும் பார்க்கிறோம். தீவக வீடுகளின் தகரப் பெட்டிகளில் கிடந்தவையோ 1990, 1991ஆம் ஆண்டுகளில் ஊரே இடம்பெயர்ந்தபோது பெரும்பாலும் போய்விட்டன.

இவ்விடத்தில் தேடல் முட்டுச்சந்துக்கு வந்ததுபோல் தோன்றும். கருவி சாதகமாக இல்லை, காற்று சாதகமாக இல்லை, காகிதம் எரிந்துவிட்டது. தீவகத்துக்குப் பேசாப்படக் காலமே இல்லை என்று எழுதிவிட்டு எழும்பலாம். நான் எழும்பாததற்குக் காரணம் இரண்டு பட்டியல்கள்.

இரண்டு பட்டியல்கள்

முதற்பட்டியல் சென்னையில் இருந்து. மோட்டார் வாகன உதிரிப்பாக வியாபாரியான நடராஜ முதலியார், பூனாவில் ஓர் ஆங்கிலேயப் படப்பிடிப்பாளரிடம் தொழில் பழகிவந்து, 1910களின் பிற்பகுதியில் கீசக வதம் எடுத்தார். தென்னிந்தியாவின் முதற் பேசாப்படம் என்பது அதற்குரிய இடம். வசன அட்டைகள் ஆங்கிலம், தமிழ், இந்தி மூன்றிலும் இருந்தன. இந்தி அட்டைகளை எழுதியவர் காந்தியின் மகன் தேவதாஸ் காந்தி. படம் இன்று இல்லை. ஆனால் அது காட்டப்பட்ட நாடுகளின் பட்டியல் இருக்கிறது: இந்தியா, பர்மா, இலங்கை, மலாய் கூட்டரசு நாடுகள், சிங்கப்பூர்.

இரண்டாவது பட்டியல் கொழும்பில் இருந்து. 1925இல் இலங்கையில் தயாரான முதற் கதைப்படம் ராஜகீய விக்கிரமய. நூர்பாய் தயாரித்த அந்தப் படம் இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் ஓடியது. இலங்கையில் ஓடுவதற்கு முன் சுருள்கள் எரிந்து போயின. மேலே சொன்ன நைத்திரேற்றின் வேலைதான். இலங்கையின் முதற்படத்தை இலங்கையில் இருந்த இலங்கையர் பார்க்கவில்லை; அதைப் பார்க்கும் வாய்ப்பு இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் இருந்த இலங்கையருக்கே கிடைத்தது.

இந்த இரண்டு பட்டியல்களையும் அருகருகே வைத்துவிட்டு, அதன் மேல் தீவகத்தாரின் பிழைப்பு வரைபடத்தை விரித்தேன். ஒன்றன்மேல் ஒன்று பொருந்தியது. புங்குடுதீவு, வேலணை, நயினாதீவு, அனலைதீவு, காரைநகர் ஆட்கள் கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் கடை வைத்தார்கள். கடை வைக்காதவர் கடையில் நின்றார்கள். ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்தார் மலாய் நாட்டு ரயில்வேயிலும் அரச கந்தோர்களிலும் எழுதுவினைஞர் ஆனார்கள். அவர்களில் தீவகத்தாரும் இருந்தார்கள். ஊர்காவற்றுறைத் தோணிகள் தென்னிந்தியக் கரைக்குப் போய்வந்தன. படம் எந்தத் துறைகளில் இறங்கியதோ அந்தத் துறைகளில் தீவகத்தான் ஏற்கெனவே இறங்கியிருந்தான்.

திரை எப்போது தீவுக்கு வந்தது என்று கேட்டவரைக்கும் விடை வெறுமையாக இருந்தது. தீவான் எப்போது திரைக்கு முன் போனான் என்று கேட்டதும் பக்கம் நிரம்பியது. தீவகத்தில் கொட்டகை எழும்ப முந்தியே தீவகத்தில் சினிமாப் பார்வையாளர்கள் இருந்தார்கள். திருவிழாவுக்கும் கலியாணத்துக்கும் ஊர் வந்து, மீண்டும் கடைக்குத் திரும்பிய அந்த ஆண்கள்தான் அவர்கள்.

அவர்கள் பார்த்தது

கொழும்பில் ஒரு கடைப் பொடியன், கடை பூட்டிய பிறகு, என்ன பார்த்திருப்பான்? 1920களில் இலங்கைப் பட்டினங்களில் சாப்ளின் நகைப்படங்களும் அமெரிக்கக் குதிரைச் சண்டைப் படங்களும் டக்ளஸ் பேர்பாங்ஸின் பாக்தாத் திருடனும் (1924) சக்கைபோடு போட்டன. மதன் வழியாக இந்தியப் புராணப் படங்கள் வந்தன. 1928இல் சிற்றம்பலம் ஏ. கார்டினர் சிலோன் தியேட்டர்ஸ் கொம்பனியை நிறுவிய பிறகு படத்தொழில் ஓர் ஒழுங்கான வலையாயிற்று.

பேசாப்படம் என்பது திரையின் இயல்பு. கொட்டகையோ இரைச்சலின் உறைவிடம். ஆர்மோனியம், தபேலா அல்லது பியானோ திரைக்குக் கீழே ஒலித்தது. ஒரே ஒரு படக்கருவி இருந்த இடங்களில் சுருள் மாற்றும் நேரத்தை நிரப்ப ஆட்டம், வித்தை, மல்யுத்தம் நடந்தன. தென்னிந்தியப் பேசாப்பட உலகை ஆராய்ந்த தியடோர் பாஸ்கரன், திரைக்கு அருகே நின்று கதையைச் சொல்லி, வசன அட்டையை வாசித்து, சண்டைக்குக் குரல் கொடுத்த விளக்குநர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். எழுத்து வாசிக்கத் தெரியாதவருக்கு அவர் இல்லாமல் படம் இல்லை.

தீவகத்தானுக்கு அந்த ஆள் அந்நியர் அல்ல. அவன் அண்ணாவியாரைப் பார்த்து வளர்ந்தவன். விடியவிடிய நடக்கும் நாட்டுக்கூத்தில் மத்தளத்தோடு களரியின் ஓரம் நின்று, பாத்திரத்தை வரவழைத்து, பாட்டெடுத்துக் கொடுத்து, கதையை நகர்த்துபவர் அவர். ஊர்காவற்றுறை, மண்டைதீவு, நெடுந்தீவுக் கத்தோலிக்க ஊர்களில் அர்ச்சியசிட்டர் கதைகளும் சைவ ஊர்களில் புராணக் கதைகளும் இப்படியே ஆடப்பட்டன. கீசகனையும் திரௌபதையையும் திரையில் கண்டவனுக்குக் கதை புதிதல்ல, காட்டும் விதந்தான் புதிது. ஆகையால் அவன் ஊர் திரும்பியதும் பார்த்ததைச் சொல்வதற்கு அவனிடம் ஆயத்தமான ஒரு முறை இருந்தது. தோணி காத்திருக்கும் துறையிலும் தேர்முட்டியடியிலும் பாக்தாத் திருடனின் பறக்கும் கம்பளம் வாய்வழியே ஓடியிருக்கும்; வேறு வழியில் அது அக்காலத்துத் தீவுகளுக்கு வந்திருக்க நியாயமில்லை. ஊரில் இருந்த பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் சினிமா முதலில் ஒரு கேள்விக் கதையாகவே அறிமுகமாயிற்று என்பது இதன் தொடர்ச்சி.

இருக்கை

பார்த்த இடம் வெளியூர் என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு. தமிழர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருந்து பார்த்த முதலாவது கலையரங்கு சினிமாக் கொட்டகைதான் என்று பேராசிரியர் கா. சிவத்தம்பி வாதிட்டார். அங்கே இருக்கையைத் தீர்மானித்தது பிறப்பு அல்ல, கையில் இருந்த காசு என்பது அவரது விளக்கம். கோயில் வீதியில் யார் எதுவரை வரலாம், கூத்துக் களரியில் யார் எங்கே இருக்கலாம் என்பதெல்லாம் சொல்லாமலே விளங்கிய சமூகத்தில் இது சிறிய விடயம் அல்ல.

பேசாப்படத்தின் கடைசி ஆண்டுகளையும் யாழ்ப்பாணத்தின் சம ஆசனப் பிரச்சினையையும் ஒரே கால அட்டவணையில் எழுதிப் பார்த்தால் இந்தக் கருத்தின் கூர்மை தெரியும். உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக வாங்கில் இருக்க வேண்டும் என்று 1929இல் அரசு பணித்தது. அதை எதிர்த்து மறியல்கள் நடந்தன, பாடசாலைக் கொட்டில்கள் எரிந்தன. அதே காலத்தில் கொழும்பில், சில சதம் கொடுத்து ரிக்கெட் வாங்கிய எவனும் கலரியில் எவன் பக்கத்திலும் இருந்து சாப்ளினைப் பார்த்துச் சிரித்தான். ஊரில் அவன் யாருடைய மகன், எந்தக் குறிச்சி என்று எல்லாருக்கும் தெரியும். கொழும்பு மருதானையில் அவனை அறிந்தவர் கடை முதலாளியும் சக சிப்பந்தியுந்தான். படம் தீவுக்கு வந்து, ஊர்க் கண்களுக்கு நடுவே காட்டப்பட்டிருந்தால் இந்த அனுபவம் கிடைத்திருக்காது. இருக்கை ஒழுங்கும் ஊர் ஒழுங்காகவே அமைந்திருக்கக் கூடும்.

இதனால்தான் தீவகத்தின் பேசாப்படக் காலத்தைக் குறைபாடாகப் பார்க்க நான் தயாரில்லை. ஊரில் கொட்டகை இல்லாமை வறுமை என்றால், ஊருக்கு வெளியே பார்த்தமை ஒரு விடுதலை. இரண்டும் ஒரே மனிதனின் கணக்கில் வரவும் செலவுமாக இருந்தன.

1931 ஒக்டோபர் 31ஆம் திகதி சென்னையில் காளிதாஸ் வெளியானதோடு தமிழ்த்திரை பேசத் தொடங்கியது. பேசும் படத்துக்கு ஒலிக்கருவி வேண்டும், சீரான மின்சாரம் வேண்டும். சுண்ணாம்பு விளக்கோடும் ஒரு மத்தளத்தோடும் ஊர்சுற்றுவது அதற்குப் போதாது. யாழ்ப்பாணப் பட்டினத்தில் வெலிங்டன், வின்சர், ரீகல் என்று படமாளிகைகள் நிலைத்தபோது தீவகத்தார் பட்டினம் போய்ப் படம் பார்த்தார்கள். கடைசித் தோணிக்கு, பிறகு கடைசி பஸ்ஸுக்கு, நேரம் பார்த்தார்கள். பார்ப்பதற்காகப் பயணம் போவது என்ற பழக்கம் பேசாப்படக் காலத்திலேயே தொடங்கிவிட்டது. இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் கதையை நூலாக எழுதிய தம்பிஐயா தேவதாஸ் புங்குடுதீவைப் பிறப்பிடமாகக் கொண்டவர் என்பதைத் தற்செயல் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

இனித் தேட வேண்டிய இடங்கள் தெளிவு. கச்சேரிக் கோவைகளில் 1912ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த உத்தரவுப் பத்திர விண்ணப்பங்கள். 1905க்கும் 1931க்கும் இடைப்பட்ட பத்திரிகைகளின் விளம்பரப் பத்திகள். சிங்கப்பூர், பினாங்கு, கோலாலம்பூர்ப் பத்திரிகைகளின் படக் காட்சி அறிவித்தல்கள். அவை பெருமளவு பத்திரமாக இருக்கின்றன, ராஜகீய விக்கிரமய ஓடிய நாட்களும் அவற்றில்தான் அகப்பட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, காகிதத்தைத் தூக்கிக்கொண்டு இடம்பெயர்ந்த குடும்பங்களின் பெட்டிகள். கடைக் கணக்குப் புத்தகத்தில் சிப்பந்தியின் பெயருக்கு நேரே எழுதிய சில்லறைச் செலவு, மலாயாவில் இருந்து தாய்க்கு எழுதிய கடிதத்தில் நலம் விசாரித்த பின் வரும் நாலு வரி, மடித்து வைத்த ஓர் அறிவித்தல் துண்டு: இந்த ஆய்வுக்கு அவை ஆளுநரின் நாட்குறிப்பைவிடப் பெறுமதியானவை.

ரொறன்ரோவிலோ இலண்டனிலோ கொழும்பிலோ அப்படி ஒரு பெட்டி உங்கள் வீட்டில் இருந்தால், பழைய கணக்கு என்று எறிவதற்கு முன் ஒவ்வொரு தாளையும் படமெடுத்து நூலகம் நிறுவனத்துக்கு அனுப்புங்கள். திகதி உள்ள ஒரு தாள் போதும். 1901 என்ற ஆண்டு நூறு நூல்களில் வந்தும் முடிசூட்டு விழாவின் ஒரு திகதிக்கு முன் நிற்க முடியவில்லை. தீவகத்தின் கதையை நாம் அதைவிட உறுதியான அத்திவாரத்தில் எழுத முடியும்.